ஜெயா மதினி ‘எந்திரி’ சொல்லாத மதியம்

ஜெயா மதினி இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தபோது நான் செத்துக் கிடந்தேன்.

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பாதிப் பேருக்கு இது உடனே விளங்கியிருக்கும். மீதிப் பேருக்காகச் சொல்கிறேன். என் பெயர் கோமதி. தென்காசியில் பிளஸ் டூ படிக்கிறேன். மதினி நடத்திய முதலுதவி வகுப்புகளில் நான்தான் நோயாளி. தலை உடைந்தவள், அருவிப் பாறையில் வழுக்கி விழுந்தவள், பாம்பு கடித்தவள், பரோட்டா தொண்டையில் சிக்கியவள் எல்லாம் நானே. ஆட்டோ ஓட்டும் அண்ணன்மார்களே, விடுதிகளில் வேலை செய்பவர்களே, அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்து விடுபவர்களே, உங்களில் பலர் என்னைத் தூக்கியிருக்கிறீர்கள். சிலர் கீழே போட்டும் இருக்கிறீர்கள். இது அஞ்சலி என்பதால் பெயர்களைச் சொல்லவில்லை.

அன்றைக்குக் குற்றாலத்தில், ஐந்தருவிச் சாலையில் ஒரு விடுதியின் கூடத்தில் வகுப்பு. சாரல் சீசன் தொடங்குவதற்கு முன்னால் வருஷா வருஷம் நடப்பதுதான். மதினி உள்ளே பாடம் நடத்திக்கொண்டிருப்பார். இடையில் விசில் ஊதுவார். விசில் கேட்டதும் எல்லோரும் எழுந்து, எங்கே யார் விழுந்து கிடக்கிறார்கள் என்று தேட வேண்டும். நான் பின்பக்க வராந்தாவில், துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில், நெற்றியில் பீட்ரூட் ரத்தத்தோடு கண்ணை மூடிக் கிடந்தேன். எனக்கு ஒரே ஒரு விதிதான். மதினி வந்து “போதும், எந்திரி” என்று சொல்லும்வரை எழுந்திருக்கக் கூடாது. வேறு யார் சொன்னாலும் கூடாது. எறும்பு கடித்தாலும் கூடாது.

விசில் வரவில்லை. கூடத்தில் சிரிப்புச் சத்தம் கேட்டது. யாரோ “மதினி விழுந்துட்டாவ, ஓடியாங்க!” என்று கத்த, இன்னும் பலமாகச் சிரித்தார்கள். கைகூடத் தட்டினார்கள். மதினி திட்டத்தை மாற்றிவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். அடிக்கடி அப்படி மாற்றுவார். என் வேலையை அவரே எடுத்துக்கொண்டுவிட்டாரே என்று கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. பிறகு சத்தம் குறைந்தது. ஓடும் கால்கள். கடைசியில் ஆம்புலன்ஸ் சைரன். ‘அடேயப்பா, இந்த வருஷம் வண்டியே வந்துவிட்டது’ என்று நினைத்து இன்னும் நன்றாகச் செத்துக் கிடந்தேன்.

“ஏட்டி கோமு, எந்திரி.”

சங்கிலி அண்ணனின் குரல். தென்காசிப் பழைய பஸ் நிலையத்தில் ஆட்டோ ஓட்டுபவர். மதினியின் ஒரு வகுப்பையும் விட்டதில்லை. நான் எழுந்திருக்கவில்லை.

“எந்திரிட்டி. மதினி போயிட்டாவ.”

எங்கே போனார் என்று கேட்க வாய் துறுதுறுத்தது. செத்தவள் கேள்வி கேட்கக் கூடாது. என் பிடிவாதத்தைச் சோதிக்க மதினிதான் இவரை அனுப்பியிருக்கிறார் என்று முடிவு செய்தேன். சங்கிலி அண்ணன் என் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தார். “நிஜமாட்டி” என்றார். பிறகு அழ ஆரம்பித்தார்.

ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தேன். இதை எழுத வெட்கமாக இருந்தாலும் எழுதிவிடுகிறேன்: சங்கிலி அண்ணனுக்கு நடிக்கவே வராது. அவரை நோயாளியாகப் படுக்க வைத்தால் விலாவில் கை படும் முன்பே சிரித்துவிடுவார். அதனால்தான் நம்பினேன்.

ஆஸ்பத்திரிக்கு அந்தக் கோலத்திலேயே போனேன். வாசலில் ஒரு நர்ஸ் என்னைப் பிடித்து நிறுத்தி, “எங்கம்மா அடிபட்டுச்சு?” என்று கேட்டார். “இது பீட்ரூட்” என்றேன். அழுதுகொண்டே திரும்பத் திரும்ப “பீட்ரூட், பீட்ரூட்” என்று சொன்னதில், தலையில் பலமான அடி என்று நினைத்து என்னைப் படுக்க வைத்துக் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். உள்ளே மதினி. வெளியே நான். யாருக்கு என்ன என்று அந்த நர்ஸுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. இன்றுவரை சரியாகத் தெரியவில்லை.

மதினிக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. நியாயப்படி நான் பெரியம்மா என்று கூப்பிட்டிருக்க வேண்டும். ஆனால் அவர் கணவர் தென்காசிக் கடைத்தெருவில் பாத்திரக் கடை வைத்திருக்கிறார். ஊருக்கே அவர் அண்ணாச்சி. அண்ணாச்சியின் மனைவி ஊருக்கே மதினி. “ஒன் வயசுக்கு அவிய ஒனக்கு மதினியாட்டி?” என்று அம்மா திட்டிப் பார்த்தாள். மதினியிடமே கேட்டேன். “கூப்பிடுத பேருல என்னட்டி இருக்கு, கூப்பிட்டா திரும்பிப் பாக்கேனா, அத பாரு” என்றார்.

நாங்கள் சந்தித்த கதை கொஞ்சம் கேவலமானது. பத்தாம் வகுப்பில் ஒரு நாள் அறிவியல் தேர்வு. அதற்கு முன் காலை வணக்கக் கூட்டம். மைதானத்தில் வெயில். நான் மயங்கி விழ முடிவு செய்தேன். முழங்காலை மடக்கி, தோளைத் தளர்த்தி, ஒரு பக்கமாகச் சரிந்தேன். டீச்சர்கள் ஓடி வந்தார்கள். அன்றைக்கென்று பார்த்து எங்கள் பள்ளிக்கு முதலுதவி வகுப்பு எடுக்க மதினி வந்திருந்தார். குனிந்தார். என் கையை எடுத்து என் முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, பட்டென்று விட்டார். உண்மையில் மயங்கியவளாக இருந்தால் கை மூக்கின் மேல் விழுந்திருக்கும். என் கை, பிறந்த நாளிலிருந்து என் மூக்கின் மேல் பாசம் உள்ள கை, நாசூக்காக விலகிப் பக்கத்தில் விழுந்தது.

காதருகே மெதுவாகச் சொன்னார்: “இமை துடிக்குது. கை பொய் சொல்லத் தெரியாம முழிக்குது. ஆனா விழுந்த விழுகை நல்லாருந்துது. ஞாயித்துக்கிழம குற்றாலத்துக்கு வாரியா?”

பிறகு எழுந்து டீச்சர்களிடம், “ஒண்ணுமில்ல, காலையில சாப்பிடல போல. தண்ணி குடுங்க. பரீட்சை எழுதுவா” என்றார். என்னைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை, காப்பாற்றவும் இல்லை. முதலுதவி என்றால் என்ன என்று அன்றைக்கே எனக்குக் கொஞ்சம் சந்தேகம் வந்தது.

இந்த வகுப்புகளை நடத்தியது ஓர் அறக்கட்டளை என்பது பெயருக்குத்தான். அலுவலகம் கிடையாது. அது ஒரு குடும்பம் ஞாயிற்றுக்கிழமைகளில் செய்த வேலை. மதினி முன்பு நர்ஸாக இருந்தவர், பாடம் நடத்துவார். வகுப்பை முடித்தவர்களுக்கு முதலுதவிப் பெட்டி கொடுப்பது அண்ணாச்சியின் பங்கு. பிளாஸ்டிக் பெட்டி அல்ல, மூடி போட்ட எவர்சில்வர் சம்புடம். கல்யாணச் சீர்ப் பாத்திரங்களில் பெயர் வெட்டுகிற அதே மிஷினால், வாங்குகிறவரின் பெயரை அண்ணாச்சி தன் கையாலேயே வெட்டித் தருவார். “பேரு போட்டாத்தான் அதுல பஞ்சும் துணியும் வைப்பான். இல்லன்னா வீட்டுல முறுக்கு வச்சிருவா” என்பது மதினியின் கணக்கு. பெயர் போட்டும் சில வீடுகளில் முறுக்கு இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். சாப்பிட்டும் இருக்கிறேன்.

விழுந்து விழுந்து நடிக்கும் இந்த வேலை மட்டும் அண்ணாச்சிக்குப் பிடிக்காது. ஒருமுறை கடைக்குள்ளேயே, குத்துவிளக்கு அடுக்கின் முன்னால் நான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தேன். அவர் கல்லாவிலிருந்து எகிறி வந்ததில் ஒரு வரிசைத் தாம்பாளம் சரிந்து, கடைத்தெருவே வந்து எட்டிப் பார்த்தது. “ரெண்டு பேரும் சேந்து என்னைய ஒரு நாள் நிஜமாவே கொல்லப் போறிய” என்றார். மதினி சிரித்துவிட்டு, “எப்படி ஓடி வந்திய பாத்தியளா? ஒங்களுக்கு வகுப்பே வேண்டாம்” என்றார்.

தென்காசிப் பழைய பஸ் நிலையத்தில் நான் வலிப்பு நடித்த நாளை அங்கே இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். போலீஸிடம் முன்கூட்டியே சொல்லியிருந்தோம். நான் விழுந்து கைகாலை உதறியதுதான் தாமதம், நாலா பக்கமிருந்தும் சாவி. வீட்டுச் சாவி, பெட்டிச் சாவி, கடை ஷட்டர் சாவி. ஒருவர் புல்லட் சாவியையே என் கையில் திணித்தார். வகுப்பு முடிந்து நான் பாட்டுக்கு அதோடு வீட்டுக்குக் கிளம்ப, அவர் பின்னாலேயே ஓடி வந்தார். நான் மதினியிடம் கேலியாகச் சொன்னேன்: “சாவு வராம இருக்கச் சாவி. இந்த ஊருல எல்லாரும் பூட்டு போட்ட மண்டை மதினி.”

மதினி சிரிக்கவில்லை. “சாவி குடுக்குத மனுசன் கெட்டவன் இல்லட்டி. என்ன செய்யன்னு தெரியல, சும்மா நிக்கவும் மனசு வரல. கையில இருக்கத குடுக்கான். வேற என்ன குடுக்கணும்னு நாமதான் சொல்லித் தரணும். தலைக்கு அடியில துண்டு வை, ஒருக்களிச்சுத் திருப்புன்னு.”

அவருடைய தம்பி வேலு பழைய குற்றாலத்தில் வலிப்பு வந்து விழுந்தவர் என்பதை வெகுநாள் கழித்து அண்ணாச்சிதான் சொன்னார். சுற்றிலும் அவ்வளவு கூட்டம். கை நிறையச் சாவி. முகம் தேங்கிய தண்ணீரில் கிடந்ததை யாரும் திருப்பவில்லை. அறக்கட்டளைக்கு இருப்பது அந்தத் தம்பியின் பெயர். அதன் பிறகும் அவரால் அந்தச் சாவிக்காரர்களைக் கெட்டவர்கள் இல்லை என்று எப்படிச் சொல்ல முடிந்தது? நானாக இருந்தால் ஊரிலுள்ள சாவியையெல்லாம் அருவியில் எறிந்திருப்பேன்.

கோபமே படாதவர் என்று எழுதினால் மேலே இருந்து இறங்கி வந்து காதைத் திருகுவார். எண்ணெய் தேய்க்கும் மாடசாமி அண்ணனைக் கேளுங்கள். நெஞ்சை அமுக்கும் பயிற்சிக்கு ஒரு பொம்மை உண்டு. பெயர் மாப்பிள்ளை. மாடசாமி அண்ணன் அதன் நெஞ்சை வட்டவட்டமாகத் தடவுவார், தொழில் பழக்கம். “ஏலே, மாப்பிள்ளைக்கு எண்ணெய்க் குளியலா நடக்கு? அமுக்குலே! அவன் என்ன ஒனக்குக் காசா குடுக்கப் போறான், நோகாம தடவ?” என்று மதினி கூடம் அதிரக் கத்துவார். “நாடியைப் பிடிச்சுப் பாரு” என்று அவர் சொன்னதும் ஒரு பரோட்டா மாஸ்டர் என் மோவாயைப் பிடித்து ஆட்டினார். நம் ஊரில் அதுவும் நாடிதானே. அன்றைக்குச் செத்தவள் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அதற்கும் திட்டு எனக்குத்தான்.

ஐந்தருவிக் கார் நிறுத்தத்தில் நான் முழங்கால் உடைந்து கிடந்தபோது ஒரு குரங்கு வந்து என் ரத்தத்தை நக்கப் பார்த்தது. பீட்ரூட் சாற்றில் சீனிப்பாகு கலந்திருந்தோம். நான் அசையவில்லை. மதினி கம்பை எடுத்து விரட்டிவிட்டு, “குரங்குக்கே ஒன் மேல சந்தேகம் வரலட்டி” என்றார். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய பாராட்டு அது. மார்க் ஷீட்டில் போட முடியாது.

அன்றைக்குக் கூடத்தில் என்ன நடந்தது என்பதை மாடசாமி அண்ணன் சொல்லித்தான் நான் அறிந்தேன். அங்கே இருந்தவர்கள் உங்களுக்குள் இதைப் பேசுவதில்லை. நான் எழுதுகிறேன். ஏன் என்பது பின்னால் தெரியும்.

மதினி பேசிக்கொண்டே நாற்காலியைப் பிடித்தார். நாற்காலியோடு சரிந்தார். “ஆரம்பிச்சிட்டாவ!” என்று கூடமே கைதட்டியது. அவருடைய வகுப்பில் யாராவது விழுந்தால் நிஜமா நடிப்பா என்று கேட்கக் கூடாது, வேலையைத் தொடங்கிவிட வேண்டும். தொடங்கினார்கள். மாடசாமி அண்ணன் ஓடிப்போய்த் தோளைத் தட்டி, “மதினி, கேக்குதா?” என்றார். “சங்கிலி, நூத்தெட்டுக்குப் போடு” என்றார். எல்லாம் பாடத்தில் உள்ளபடி.

சங்கிலி அண்ணனும் பாடத்தில் உள்ளபடி செய்தார். எங்கள் வகுப்பில் பயிற்சியின்போது போனைத் தொட மாட்டோம். இடது உள்ளங்கையை விரித்து, அதில் விரலால் எண்ணைத் தட்டி, காதில் வைத்துக்கொண்டு பேசுவோம். பயிற்சி என்று தெரியாமல் வண்டி வந்துவிடக் கூடாது, உண்மையிலேயே விழுந்து கிடப்பவருக்கு வர வேண்டிய வண்டி அது என்பதற்காக. அவர் உள்ளங்கையில் எண்ணைத் தட்டினார். நிறுத்தி நிதானமாகப் பேசினார். குற்றாலம், ஐந்தருவிச் சாலை, இன்ன விடுதி, விழுந்தது ஒரு பெண். “வயசச் சொன்னா மதினி கோவப்படுவாவ” என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

மாடசாமி அண்ணன் மதினியின் மூக்கருகே காதை வைத்தார். நடிக்கிறவருக்கு மூச்சு இருக்கும். இல்லை. இன்னொரு தடவை வைத்துப் பார்த்தார்.

“ஏலே சங்கிலி, கையில இல்லலே! போன்ல போடு! போன்ல போடுலே!”

அதன் பிறகு மாடசாமி அண்ணன் தடவவில்லை. வண்டியிலிருந்து ஆட்கள் இறங்கி வந்து அவரைத் தூக்கி விலக்கும்வரை அமுக்கிக்கொண்டே இருந்தார். “போதும்” என்று சொல்ல வேண்டியவர் கீழே கிடந்தார்.

டாக்டர் அண்ணாச்சியிடம் சொன்னதை வாசலில் நின்று நானும் கேட்டேன். அமுக்கியவர்கள் சரியாகத்தான் செய்திருக்கிறார்கள், மாரடைப்பு அதையெல்லாம் மீறியது, ஆஸ்பத்திரிக்குள்ளேயே விழுந்திருந்தாலும் கஷ்டம்தான் என்றார். அதை நான் சங்கிலி அண்ணனிடம் சொன்னேன். “டாக்டர்மாரு நம்மகிட்ட எப்பவும் அப்பிடித்தான்ட்டி சொல்லுவாவ” என்றார்.

வீட்டில் மதினியைக் கிடத்தியிருந்தபோது நான் இமையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இதில் ஊரிலேயே நிபுணர் நான்தானே. லேசாக ஒரு துடிப்பு வரும், நான் சிரித்துவிடுவேன், அவர் திட்டுவார் என்று. “கோட்டி புடிச்சவ மாதிரி அப்படிப் பாக்காதட்டி” என்று அம்மா இழுத்துக்கொண்டு போனாள். வீட்டுக்கு வந்தும் அழுகை வரவில்லை. சாவு வீட்டுக்குப் போய் வந்த குளியலில், காதுக்குப் பின்னால் காய்ந்திருந்த பீட்ரூட் கரைந்து சிவப்பாக ஓடியது. அப்போது வந்தது.

கடைத்தெருவில் ஒரு டீக்கடையில், “முதலுதவி டீச்சருக்கே கடைசி உதவி கெடைக்கலய்யா” என்று ஒருவர் சொல்ல, பெஞ்சு சிரித்தது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வேறு யாரைப் பற்றியாவது என்றால் அந்த வார்த்தை விளையாட்டை நான்தான் முதலில் சொல்லியிருப்பேன். அதனால் அவரைத் திட்டவும் வாய் வரவில்லை. டீயை வாங்காமலே வந்துவிட்டேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அண்ணாச்சி முடிவைச் சொல்லிவிட்டார். “இனி வேண்டாம்மா. அவ இருந்தா, செஞ்சா. எனக்குப் பாத்திரம் விக்கத்தான் தெரியும். மாப்பிள்ளைய ஏதாவது பள்ளிக்கூடத்துக்குக் குடுத்திருதேன்.” மதினி விழுந்த நாளின் வகுப்புக்காகப் பெயர் வெட்டி வைத்திருந்த சம்புடங்கள் கடை மூலையில் அடுக்கியபடியே இருந்தன. அவற்றில் ஒன்றில் விடுதிக்குப் புதிதாக வந்த பையனின் பெயர், ஒன்றில் வடகரையிலிருந்து வேலைக்கு வரும் ஒரு அக்காவின் பெயர். வெளியே சாரல் தொடங்கியிருந்தது. கூட்டம் வர ஆரம்பித்துவிட்டது. யாரும் யாருக்கும் எதுவும் சொல்லித் தரவில்லை.

சங்கிலி அண்ணன் ஆட்டோவை வீட்டு வாசலில் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டார். நான் பார்க்கப் போனபோது இடது கையை மூடியே வைத்திருந்தார். பேசும்போதும் திறக்கவில்லை. அவர் வீட்டு அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “தூங்கும்போதும் அப்பிடியே வச்சிருக்காவ கோமு. கேட்டா எந்திரிச்சு வெளிய போயிருதாவ” என்றார். அவர் இப்படியே போனால் என்ன ஆகும் என்று பயமாக இருந்தது. அறக்கட்டளை மூடினால், அது அவர் கையால் மூடியது என்றே கடைசிவரை நினைத்துக்கொண்டிருப்பார். எனக்கு அறிவுரை சொல்லத் தெரியாது. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்.

ஒரு தோழியின் போனிலிருந்து, கிழவிக் குரலில் அவரைக் கூப்பிட்டேன். “யய்யா, வடகரைக்குப் போவணும்யா. அண்டாவும் குண்டாவுமா பாத்திரக் கடை வாசல்ல வெயில்ல நிக்கேன். ஒரு ஆட்டோக்காரனும் வர மாட்டேங்கான்யா.”

முதலில் மாட்டேன் என்றார். நான் கொஞ்சம் இருமினேன். வந்துவிட்டார். கடை வாசலில் அண்டாவும் இல்லை, ஆச்சியும் இல்லை, நான்தான் நிற்கிறேன்.

“ஒன்ன கொன்னுபோடுவேன்ட்டி.”

“செத்தா எனக்குப் பழக்கம்தானண்ணே. உள்ள வாங்க.”

சத்தம் கேட்டு அண்ணாச்சி எட்டிப் பார்த்தார். “சங்கிலியா? ஏன்டே, காரியத்துக்குக்கூட வரல நீ?”

சங்கிலி அண்ணன் வாசற்படியிலேயே நின்றார். ஓடிவிடுவார் என்று நினைத்தேன். ஆனால் அவர் இடது கையை நீட்டி விரித்தார். “அண்ணாச்சி, நான் இதுல போட்டேன். அன்னைக்கு. நூத்தெட்டுக்கு இதுல போட்டேன். அட்ரஸ் பூரா சொன்னேன். அவசரப்படாம சொல்லணும்னு மதினி சொல்லியிருக்காவன்னு நிறுத்தி நிதானமா சொன்னேன். இடையில ஒரு சிரிப்பு வேற.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அண்ணாச்சிக்கு இது தெரியாது. நாங்கள் யாருமே அவரிடம் சொல்லவில்லை.

 அண்ணாச்சி கையிலிருந்த செம்பைத் துணியால் துடைத்தார். துடைத்ததையே திரும்பவும் துடைத்தார். கடையில் வேலை செய்பவர்கள் எல்லோரும் வேறு பக்கம் பார்த்தார்கள்.

“கையில போடச் சொன்னது யாரு?” என்று கேட்டார்.

“மதினிதான் அண்ணாச்சி.”

“அவளுக்குச் சொன்னது யாரு தெரியுமா?” செம்பைக் கீழே வைத்தார். “நான்தான்டே. ஆரம்பத்துல போன்லதான் போட்டாவ. ஒரு நா வண்டி வந்து நின்னுட்டு. எனக்கு அசிங்கமாப் போச்சி. அடுத்தவன் உசுருல விளையாடாதிய, வேணும்னா கையில போடச் சொல்லுன்னு நான்தான் சத்தம் போட்டேன். அவ சரின்னா.”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எனக்கு யாருக்காக வருத்தப்படுவது என்று தெரியவில்லை. சங்கிலி அண்ணன் செய்தது மதினி சொன்னது. மதினி சொன்னது அண்ணாச்சி சொன்னது. அண்ணாச்சி சொன்னதோ முன்பின் தெரியாத யாரோ ஒருவருக்கு வண்டி தாமதமாகிவிடக் கூடாது என்பதற்காக. எல்லோரும் நல்லதைத்தான் சொன்னார்கள்.

அண்ணாச்சிதான் முதலில், “அப்ப அத மாத்தணும்லா” என்றார்.

“எத அண்ணாச்சி?”

“கையில போடுதத. கை பழகுனதைத்தான செய்யும்? போன்லயே போட்டுப் பழகட்டும். எனக்குப் போடுங்க. நான் எடுக்கேன். நூத்தெட்டுல கேக்குத மாதிரி நான் கேக்கேன்.”

“ஒங்களுக்குப் பாத்திரம் விக்கத்தான தெரியும்னு சொன்னிய?” என்று நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் கேட்டேன்.

“போன் எடுக்கவும் தெரியும், மூதி.”

பாடம் நடத்த, மதினியிடம் வெகு காலத்துக்கு முன் படித்த ஒரு நர்ஸ் அக்கா ஒப்புக்கொண்டார். “அப்ப ‘எந்திரி’ யாரு சொல்ல?” என்று கேட்டேன். அண்ணாச்சி யோசித்துவிட்டு, “நீயே எந்திரிச்சிக்க” என்றார். அவ்வளவுதான். அறக்கட்டளையின் தலைவிதி இப்படி ஒரு பாத்திரக் கடை வாசலில் முடிவானது. இது எப்படி நடந்தது என்று வெளியே யாருக்கும் தெரியாது. தெரிய வேண்டும் என்று சங்கிலி அண்ணனே சொன்னதால்தான் எழுதுகிறேன். அவர் இதைப் படித்த பிறகுதான் அச்சுக்குக் கொடுத்திருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை, அதே விடுதி, அதே கூடம். அங்கே வேண்டாம் என்று சிலர் சொன்னார்கள். சங்கிலி அண்ணன்தான் அங்கேயே இருக்கட்டும் என்றார். வெளியே சாரல் சன்னமாக விழுந்துகொண்டிருந்தது. நான் கூடத்தின் நடுவில் சரிந்தேன். யாரும் கைதட்டவில்லை. சங்கிலி அண்ணன் போனை எடுத்தார். எண் தப்பி, மறுபடியும் போட்டார். எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தார். தென்காசியில் அண்ணாச்சி எடுத்தார். பின்னால் பாத்திரங்கள் ஒன்றோடொன்று இடிக்கும் சத்தம்.

“எங்கன இருந்து பேசுதிய?” சங்கிலி அண்ணன் இடத்தைச் சொன்னார். “யாருக்கு என்ன?” அதையும் சொன்னார்.

“மூச்சு இருக்கா?”

சங்கிலி அண்ணன் குனிந்து என் மூக்கருகே காதை வைத்தார். வைத்தவர் எடுக்கவில்லை. என் கன்னத்தில் ஈரம் விழுந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்குத் தெரிந்த மட்டும் நன்றாக, இழுத்து, சத்தம் கேட்கும்படி மூச்சு விட்டேன்.

“இருக்கு அண்ணாச்சி” என்றார். “மூச்சு இருக்கு.”

 போனில் பாத்திரச் சத்தம் நின்றது. பிறகு அண்ணாச்சி, “செரி. ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. வண்டி வாரது வரைக்கும் கூடவே இருங்க” என்றார்.

ஒருமுறை மதினியிடம், விழுந்து கிடப்பவருக்கு என்ன ஆயிற்று என்றே புரியவில்லை என்றால் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறேன். “புரியாட்டா என்னட்டி? டாக்டருக்கே சில நேரம் புரியாது. ஒனக்குத் தெரிஞ்சத செய். பொறவு பக்கத்துல உக்காரு. புரியலன்னு எந்திரிச்சுப் போயிராத” என்றார்.

அவர் ஏன் போனார், எல்லோரும் சரியாகச் செய்தும் ஏன் போனார் என்பது எனக்குப் புரியவில்லை. பெரியவர்கள் சொல்லும் காரணங்கள் எதுவும் உள்ளே இறங்கவில்லை. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது பக்கத்தில் உட்காருவதை மட்டும்தான். இப்போதெல்லாம் சாயங்காலம் கடைக்குப் போகிறேன். அண்ணாச்சி பெயர் வெட்டுவார். சங்கிலி அண்ணன் சவாரிக்கு நடுவே வந்து நிற்பார்.  நான் அவர்களுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்திருக்கிறேன்.